ஜிகோ வேண்டும், இல்லையேல் ஆஸ்திரியா!

லீக் பட்டமே வென்றிராத ஓர் எல்லையோர ஊருக்கு, உலகின் தலைசிறந்த பிரேசில் ஆட்டக்காரர் வந்து சேர்ந்த கதை

1983 கோடையில் இத்தாலியின் வடகிழக்கு மூலையிலுள்ள உதினே நகரத்து ஜனங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: ‘ஜிகோ, இல்லையேல் ஆஸ்திரியா!’ எங்கள் கிளப் விலை பேசி முடித்த பிரேசில்காரரை ஆட விடுங்கள். முடியாது என்றால் நாங்கள் இத்தாலியை விட்டே போய்க்கொள்கிறோம் என்று அர்த்தம். பாதி கேலி, பாதி வீறாப்பு. ஆனாலும் ரோமில் நாற்காலியில் இருந்தவர்களுக்குச் சுருக்கென்று தைத்திருக்கும். 1866 வரை ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்த ஊர் அது.

உதினே இருப்பது ஃப்ரியூலி என்ற வட்டாரத்தில். பக்கத்தில் ஆஸ்திரியா, இன்னொரு பக்கம் அன்றைய யுகோஸ்லாவியா. தனி மொழி, தனிப் பழக்கவழக்கம். பிழைப்புத் தேடி அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறிய மக்கள். 1976 மே 6-ம் தேதி இரவு வந்த நிலநடுக்கத்தில் ஏறக்குறைய ஆயிரம் பேர் இறந்தார்கள். கிராமம் கிராமமாகத் தரைமட்டமானது. அதே ஆண்டில்தான் உதினேயில் புது கால்பந்து மைதானமும் திறக்கப்பட்டது. இடிந்த வீடுகளைக் கட்டி முடித்துக்கொண்டிருந்த ஜனங்களுக்கு, ஏழே வருடத்தில், பெலேவுக்குப் பின் பிரேசில் பெற்ற பெரிய பத்தாம் எண் தங்கள் ஊர் ஜெர்சியைப் போடப்போகிறார் என்று செய்தி வருகிறது. அதைப் போய் ஒரு சங்கத் தலைவர் ஒரு கையெழுத்தால் தடுத்தால் சும்மா இருப்பார்களா?

ஐரோப்பாவில் ஆடிய பிரேசில்காரர்களின் கதைகள் நூறு இருக்கின்றன. ரொனால்டோவின் முழங்கால், ரொனால்டின்யோவின் சிரிப்பு, அட்ரியானோவின் சரிவு எல்லாம் நம் ஊர் டீக்கடை வரை வந்தவை. ஜிகோவின் இரண்டு இத்தாலிய வருடங்களை மட்டும் புத்தகங்கள் ஒரு வரியில் முடித்துவிடும்: ‘ஐரோப்பாவில் சோபிக்கவில்லை, கோப்பை எதுவும் வெல்லவில்லை.’ இரண்டாவது பாதி உண்மை. முதல் பாதிதான் எனக்கு ஒத்துவரவில்லை.

ரியோ டி ஜெனிரோவின் வடக்குப் புறநகர் கின்டினோவில் 1953 மார்ச் 3-ம் தேதி பிறந்த ஆர்தர் அன்டுனஸ் கொயிம்ப்ராதான் ஜிகோ. போர்ச்சுகலிலிருந்து குடியேறிய தையற்காரரின் கடைசிப் பிள்ளை. வீடே கால்பந்து வீடு. அண்ணன்கள் எடுவும் அன்டுனஸும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். செல்லமாக ‘ஆர்தர்ஜின்யோ’ என்று தொடங்கி, ‘ஆர்தர்ஜிகோ’ ஆகி, கடைசியில் வால் மட்டும் மிஞ்சியது. ஒரு வானொலி நிருபர் 1967-ல் பையனை ஃபிளமெங்கோ கிளப்புக்கு அழைத்துப் போனபோது, காற்றடித்தால் பறந்துவிடும் உடம்பு. கிளப் அவனுக்கென்று தனி உணவு, தனி எடைப் பயிற்சி எல்லாம் வகுத்து வருடக்கணக்கில் உடம்பை ஏற்றியது. அந்தக் காலத்துக்கு அது பெரிய பரிசோதனை. வளர்ந்தும் ஐந்தடி எட்டங்குலத்தைத் தாண்டவில்லை. ‘கின்டினோவின் குட்டிச் சேவல்’ என்று பட்டம். ‘வெள்ளைப் பெலே’ என்றும் எழுதினார்கள். அது பத்திரிகைக்காரர்களின் சோம்பல் என்பேன்.

1981 டிசம்பர் 13. டோக்கியோ. தென் அமெரிக்க சாம்பியன் ஃபிளமெங்கோவும் ஐரோப்பிய சாம்பியன் லிவர்பூலும் மோதின. முதல் பாதி முடியும்போதே ஃபிளமெங்கோ 3-0. ஜிகோ ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆனால் அந்த நாற்பத்தைந்து நிமிடத்தை நடத்தியது அவர் கால்தான். ஐரோப்பாவின் சிறந்த கிளப்பைத் தோற்கடிக்க ஒரு பிரேசில்காரர் ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாத காலம் அது. அடுத்த வருடம் ஸ்பெயின் உலகக்கோப்பைக்குப் போன பிரேசில் அணியில் ஐரோப்பிய கிளப்பில் ஆடியவர்கள் இரண்டே பேர்: ரோமாவின் ஃபல்காவோ, அத்லெட்டிகோ மாட்ரிட்டின் டிர்சியு. மற்ற அத்தனை பேரும் உள்ளூர்ச் சரக்கு. (2022 கத்தார் உலகக்கோப்பையில் இது அப்படியே தலைகீழ். 26 பேரில் பிரேசில் கிளப் ஆட்டக்காரர்கள் மூன்றே பேர்.)

அந்த 1982 அணியின் முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பார்சிலோனாவின் சாரியா மைதானத்தில் ஜூலை 5 அன்று இத்தாலி 3-2 என்று வென்றது. ஜிகோவை நிழல்போல ஒட்டியே ஆடினார் கிளாடியோ ஜென்டிலே. ஒரு கட்டத்தில் பெனால்டி பகுதிக்குள் ஜெர்சியை அவர் பிடித்து இழுத்ததில் துணி கிழிந்தே போனது. ஜிகோ கிழிசலை நடுவரிடம் விரித்துக் காட்டினார். பெனால்டி இல்லை. அடுத்த வருடம் அதே ஜென்டிலே ஆடும் லீக்குக்குத்தான் ஜிகோ மூட்டை கட்டினார்.

ஏன் போனார்? முப்பது வயது. ஃபிளமெங்கோவில் வெல்லாதது எதுவும் பாக்கியில்லை. 1983 மே மாதம் மரக்கானாவில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் பார்க்க, சான்டோஸை 3-0 என்று முடித்து மூன்றாவது தேசியப் பட்டத்தையும் எடுத்தாகிவிட்டது. வெளியே நாடு கடனில் மூழ்கியிருந்தது. அந்த பிப்ரவரியில்தான் பிரேசில் அரசு தன் நாணயத்தை ஒரே அடியில் 30 சதவீதம் மதிப்பிறக்கியிருந்தது. விலைவாசி ஆண்டுக்கு நூறு சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுப் பணத்தை நீட்டும் கிளப்பிடம் எந்தப் பிரேசில் கிளப்பாலும் ‘மாட்டேன்’ என்று சொல்ல முடியாத நிலை. உதினே ஊர்க் கிளப்பான உதினேசே கொடுத்தது 600 கோடி லிரா, அன்றைய கணக்கில் சுமார் 40 லட்சம் டாலர். ஃபிளமெங்கோ ரசிகர்களுக்கு அது இழவுச் செய்தி.

மிலானும் டூரினும் இருக்க, உதினேவுக்கு எப்படி இது வாய்த்தது என்ற கேள்விக்குப் பதில், அந்தக் கால இத்தாலியின் விதிகளில் இருக்கிறது. 1966 உலகக்கோப்பையில் வட கொரியாவிடம் தோற்ற அவமானத்துக்குப் பிறகு இத்தாலிய லீக் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குக் கதவை இறுக்கிச் சாத்திவிட்டது. 1980-ல்தான் திறந்தார்கள், கிளப்புக்கு ஒருவர் என்று. 1982-ல் இரண்டு பேர். ஆளுக்கு இரண்டு நாற்காலி மட்டும் என்றால் பெரிய கிளப் என்னதான் பணக்கார கிளப்பாக இருந்தாலும் எல்லா நட்சத்திரங்களையும் அள்ளிக்கொண்டு போக முடியாது. மிச்ச நட்சத்திரங்கள் சின்ன ஊர்களில் இறங்கினார்கள். உதினேசே ஏற்கெனவே எடின்யோ என்ற பிரேசில் தடுப்பாட்டக்காரரை வைத்திருந்தது. இன்னொரு நாற்காலி காலி.

அந்த நாற்காலிக்குப் பணம் போட ஒரு ஆள் வேண்டுமே. இருந்தார். லம்பெர்டோ மாட்சா. பக்கத்துப் போர்தெனோனே ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட ஜனூசி நிறுவனத்தின் தலைவர். அரை ஐரோப்பாவின் சமையலறைகளில் அவர்கள் வாஷிங் மெஷினும் ஃப்ரிட்ஜும்தான். கிளப்பின் மேலாளர் ஃபிராங்கோ டல் சின், நினைத்ததை முடிக்கிற வியாபாரி. பணத்தை விளம்பர உரிமைகளோடு கோத்து, லண்டனில் பதிவான ஒரு நிறுவனத்தின் வழியாகக் கொண்டுவர ஒரு திட்டம் போட்டார்கள். இத்தாலியக் கால்பந்து சங்கத் தலைவர் ஃபெடெரிகோ சொர்டில்லோவுக்கு அது பிடிக்கவில்லை. கிளப்புகள் எல்லாம் கடனில் மிதக்கும்போது இத்தனை கோடிக்கு வெளிநாட்டு ஆட்டக்காரரா என்று கேட்டு ஜிகோவின் ஒப்பந்தத்தையும், ரோமா வாங்கிய இன்னொரு பிரேசில்காரர் செரேசோவின் ஒப்பந்தத்தையும் சேர்த்தே நிறுத்திவைத்தார்.

சொர்டில்லோ சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பின்னால் நடந்ததைப் பார்த்தால் அந்த மனிதர் கணக்குப் புத்தகத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். ஆனால் கணக்கு சரியாக இருந்து ஊர் எதிராக இருந்தால் எந்த அதிகாரியும் தாக்குப்பிடிக்க மாட்டார். உதினேயில் ஆஸ்திரியக் கோஷம். ரோமில் செரேசோவுக்காக இன்னொரு கோஷம். இரண்டு வட்டார அரசியல்வாதிகளும் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார்கள். விவகாரம் இத்தாலிய ஒலிம்பிக் கமிட்டிக்குப் போனது. அங்கே தலைவராக இருந்த ஃபிராங்கோ கராரோ தரப்பு தடையை நீக்கியது. உதினே வென்றது. அந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே பெரிய வெற்றி மைதானத்துக்கு வெளியே கிடைத்தது என்று சொன்னால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

செப்டம்பர் 11-ம் தேதி முதல் ஆட்டம். எதிரணி ஜெனோவா, அவர்கள் ஊரிலேயே. உதினேசே 5-0. ஜிகோ இரண்டு கோல். இந்தச் சின்ன கிளப் பட்டத்துக்கே போட்டி போடுமோ என்று பத்திரிகைகள் எழுத ஆரம்பித்தன. சும்மா எழுதவில்லை. 1982-ல் உலகக்கோப்பை வென்ற இத்தாலிய அணியில் இருந்த ஃபிராங்கோ கௌசியோ பக்கவாட்டில், முன்னால் விர்டிஸ் என்ற கூரான கோல்காரர், இளைஞர்களில் மசிமோ மௌரோ, டி அகோஸ்டினி, பின்னால் எடின்யோ. பயிற்சியாளர் பெயர் என்சோ ஃபெராரி. கார்க்காரருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை, ஆனால் கேலிக்கு வசதியாக இருந்தது.

அந்த முதல் பருவத்தைப் புரிந்துகொள்ள அன்றைய இத்தாலிய ஆட்டத்தைக் கொஞ்சம் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். 16 அணிகள், 30 ஆட்டங்கள். வெற்றிக்கு இரண்டே புள்ளி, டிராவுக்கு ஒன்று. ஆகவே வெளியூரில் போய் 0-0 ஆடிவிட்டு வருவது மரியாதைக்குரிய வேலை. ஒவ்வொரு தாக்குதல்காரருக்கும் ஒரு காவலர். அவர் கழிப்பறைக்குப் போனாலும் கூடவே போவார் என்பார்கள். அந்தக் காவலர் ஏமாந்தால் பின்னால் ‘லிபரோ’ என்ற தனி ஆள் துப்புரவு செய்யக் காத்திருப்பார். பின்னாலிருந்து இடறினால் சிவப்பு அட்டை வரும் காலமும் அல்ல. உலகிலேயே கோல் அடிக்கக் கடினமான லீக். அதில், நடுக்களத்துக்கும் முன்வரிசைக்கும் இடையே ஆடிய ஒரு முப்பது வயதுக்காரர் 24 ஆட்டங்களில் 19 கோல் அடித்தார்.

அந்தப் பருவத்தின் அதிக கோல் பட்டம் யுவென்டஸின் மிஷெல் பிளாட்டினிக்குப் போனது. 28 ஆட்டங்களில் 20 கோல். ஒரே ஒரு கோல் வித்தியாசம். ஜிகோ காயத்தால் ஆடாமல் போன ஆட்டங்கள் ஆறு. பிளாட்டினி ஆடியது சாம்பியன் அணியில், பக்கத்தில் போனியெக்கும் பாலோ ரோஸியும் இருக்க. ஜிகோ ஆடியது ஒன்பதாவது இடத்தில் முடிந்த அணியில். இதை ‘சோபிக்கவில்லை’ என்று எழுதுகிறவர்கள் எந்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்து எழுதுகிறார்கள் என்பது எனக்குப் புதிர்.

அந்தக் கோல்களில் ஃப்ரீ கிக் கோல்களுக்குத் தனி இடம். பெனால்டி பகுதியின் விளிம்பில் உதினேசேவுக்கு ஃப்ரீ கிக் கிடைத்தால் மைதானம் பெனால்டி கிடைத்ததுபோல எழுந்து நிற்கும். எதிரணிக்கும் அந்தக் கணக்கு தெரியும். ஆனால் தவறிழைக்காமல் ஜிகோவை நிறுத்தவும் வழியில்லை; இழைத்தால் பந்தை அவரே வைத்துக்கொள்வார்.

அவர் உதைப்பதில் ஆர்ப்பாட்டம் கிடையாது. பந்திலிருந்து நாலைந்து எட்டு பின்னால், லேசாக இடப்பக்கம் சாய்ந்து நிற்பார். ஓட்டம் குறைவு. வலது காலின் உள்பக்கம் பந்தின் அடியில் உராய்ந்து மேலேறும். வேகத்தைவிடச் சுழற்சிதான் அங்கே வேலை செய்யும்: முன்னால் வரிசையாக நிற்கும் சுவரின் தலைக்கு மேலே ஒரு சாண் இடைவெளியில் ஏறி, சுவரைத் தாண்டியதும் திடீரென்று நினைவு வந்ததுபோலக் கீழே இறங்கும். கோல் கீப்பர் பந்தைப் பார்ப்பது அது சுவருக்கு மேலே தலைகாட்டும்போதுதான். அங்கிருந்து வலைக்கு ஒரு நொடிகூட இல்லை. சுவர் எந்தப் பக்கத்தைக் காக்கிறதோ அந்தப் பக்கமே போவதும் உண்டு. கீப்பர் ஓரடி நகர்ந்துவிட்டால் அவர் விட்ட இடத்திலேயே போவதும் உண்டு. இரண்டையும் ஒரே மாதிரி ஓடிவந்து செய்வார் என்பதுதான் கொடுமை.

வரம் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். ஃபிளமெங்கோவில் பயிற்சி முடிந்து எல்லோரும் குளிக்கப் போன பிறகு, கோல் கம்பத்தின் மேல் மூலையில் ஒரு ஜெர்சியைத் தொங்கவிட்டு, அதை அடித்து விழவைப்பதையே வேலையாக வைத்திருந்தவர் அவர். வருடக்கணக்கில் தினமும். உதினே பார்த்தது அந்த மூலையில் தொங்கிய ஜெர்சியின் பலனைத்தான்.

சரி, இத்தனை இருந்தும் அணி ஏன் ஒன்பதாவது? சங்கடமான உண்மை ஒன்று உண்டு: ஜிகோ வருவதற்கு முந்தைய பருவத்தில் அதே உதினேசே ஆறாவது இடத்தில் முடிந்திருந்தது, அதிகம் தோற்காமல் டிரா மேல் டிரா செய்து. ஜிகோ வந்ததும் அணி முன்னால் பாய ஆரம்பித்தது. பின்னால் ஓட்டை விழுந்தது. கோல்களும் அடித்தார்கள், வாங்கியும் கொண்டார்கள். ஆறாவது இடமா, ஆட்டமா என்று அந்த ஊரில் வாக்கெடுப்பு வைத்திருந்தால் எது ஜெயித்திருக்கும் என்று எனக்குச் சந்தேகமில்லை. ‘வேர்ல்டு சாக்கர்’ இதழ் 1983-க்கான உலகின் சிறந்த ஆட்டக்காரராக ஜிகோவைத் தேர்ந்தெடுத்தது. ஐரோப்பாவின் தங்கப் பந்து விருது பிளாட்டினிக்குப் போனது. ஜிகோ உதினேயிலேயே குடியிருந்தும் அந்த விருதுக்குப் பரிசீலிக்கப்படவே முடியாது. 1995 வரை ஐரோப்பியக் குடிமக்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். பெலேவுக்கும் கிடையாது, மரடோனாவுக்கும் கிடையாது. ‘ஜிகோ ஒரு தங்கப் பந்துகூட வாங்கவில்லை’ என்று யாராவது வாதாடினால் இதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது பருவத்தில்தான் எல்லாம் கழன்றது. அணியைப் பலப்படுத்துவோம், பட்டத்துக்குப் போட்டி போடுவோம் என்று ஜிகோவிடம் சொல்லி அழைத்துவந்தவர்கள், 1984 கோடையில் செய்தது நேர்மாறு. கௌசியோ இன்டருக்குப் போனார். விர்டிஸ் மிலானுக்குப் போனார். பயிற்சியாளர் ஃபெராரி போய், அந்தக் காலத்தில் நபோலியில் கோல் குவித்த பழைய பிரேசில்காரர் லூயிஸ் வினிசியோ வந்தார். இத்தனைக்கும் காரணம் மைதானத்தில் இல்லை. ஜனூசி நிறுவனம் நஷ்டத்தில் தள்ளாடி, 1984-ல் சுவீடனின் எலக்ட்ரோலக்ஸ் கைக்குப் போய்விட்டது. ஃப்ரிட்ஜ் விற்ற பணத்தில் வந்த பத்தாம் எண், ஃப்ரிட்ஜ் விற்காதபோது தனியாள் ஆனார்.

போதாததற்குக் காயங்கள். அந்தப் பருவத்தில் 15 ஆட்டங்கள், 3 கோல்கள். உதினேசே தரமிறக்கத்திலிருந்து தட்டுத்தடுமாறித் தப்பியது. 1985 மே மாதம் மரடோனாவின் நபோலி உதினேவுக்கு வந்து 2-2 என்று டிரா செய்த ஆட்டத்தில், மரடோனா கையால் தட்டி ஒரு கோல் போட்டார், நடுவர் கொடுத்தும்விட்டார். ஜிகோ கொதித்துப்போனார். மெக்சிகோவில் இங்கிலாந்துக்கு எதிரான அந்தப் புகழ்பெற்ற கைக்கு உதினேயில் ஒத்திகை நடந்தது பலருக்குத் தெரியாது.

இதில் வேடிக்கை, அந்த 1984-85 பருவத்தில் பட்டம் வென்றது அதே வடகிழக்கு இத்தாலியின் இன்னொரு நடுத்தர ஊர். வெரோனா. பிரிகெல், எல்க்யார் என்று இரண்டு அளவான வெளிநாட்டு ஆட்டக்காரர்கள், நிதானமான பயிற்சியாளர் பான்யோலி, மிச்சமெல்லாம் மற்ற கிளப்புகள் ஒதுக்கியவர்கள். சின்ன ஊர் பட்டம் வெல்லலாம் என்று உதினே கண்ட கனவு பலித்தது, ஆனால் சில மணி நேர ரயில் தூரத்தில். மாட்சாவும் டல் சின்னும் ஒரு நட்சத்திரத்தை வாங்கினார்கள்; வெரோனா ஓர் அணியைக் கட்டியது. இந்தப் பழியில் ஜிகோவின் பங்கு சொற்பம்.

விடைபெறும் நேரத்தில் வரி வழக்கு வேறு. அந்த லண்டன் வழிப் பண ஏற்பாட்டைத் தோண்டிய அதிகாரிகள் ஜிகோவையும் இழுத்தார்கள். உதினே நீதிமன்றம் தண்டனையும் அறிவித்தது. பின்னால் மேல்முறையீட்டில் அவர் விடுவிக்கப்பட்டார். அதற்குள் மனசு விட்டுப்போய், 1985-ல் பல நிறுவனங்கள் கூடிப் பணம் போட்ட ஒரு விளம்பரத் திட்டத்தின் உதவியோடு ஃபிளமெங்கோவுக்கே திரும்பிவிட்டார்.

1982 அணியில் அவரோடு ஆடிய ஒத்த வயதுக்காரர்கள் இத்தாலிக்குப் போன கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஃபல்காவோ மூன்று வருடம் முன்னால் ரோமாவுக்கு வந்து 1983-ல் பட்டமே வாங்கிக் கொடுத்து, ரோமின் எட்டாவது மன்னர் என்று பேரெடுத்தார். சாக்ரடீஸின் கதை வேறு. ராணுவ ஆட்சி நடந்த பிரேசிலில், மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கும் சட்டத்திருத்தம் நிறைவேறினால் நாட்டிலேயே இருப்பேன் என்று கூட்டத்தில் அறிவித்தவர் அவர். 1984 ஏப்ரலில் அது தோற்றது, அவர் ஃபியோரென்டினாவுக்குப் போனார், ஒரே பருவத்தில் குளிரும் கட்டுப்பாடும் சலித்துத் திரும்பினார். ஜூனியர் டொரினோவில் நிலைத்து ஆடினார். டிர்சியு இத்தாலியில் மட்டும் ஐந்து கிளப்புகள் மாறினார். ஒரே அணியில் ஆடிய நண்பர்களை ஒரே தேசம் இத்தனை விதமாக நடத்தியது. பிரேசில்காரர் ஐரோப்பாவில் தாக்குப்பிடிப்பாரா என்று பொதுவாகக் கேட்பது அசட்டுக் கேள்வி. எந்த கிளப், எந்த முதலாளி, எந்த வயது என்று கேட்க வேண்டும்.

திரும்பிய ஜிகோவை ஊர் அரவணைத்தது, விதி அரவணைக்கவில்லை. 1985 ஆகஸ்டில் ‘பங்கு’ என்ற கிளப்பின் தடுப்பாட்டக்காரர் ஒருவர் இரண்டு காலோடும் பாய்ந்ததில் இடது முழங்கால் சிதைந்தது. அறுவை, ஓய்வு, மறுபடி அறுவை. அரைகுறைக் காலோடு 1986 உலகக்கோப்பைக்குப் போனார். குவாடலஜாராவில் பிரான்ஸுக்கு எதிரான காலிறுதியில், 1-1 என்று இருக்கும்போது மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். இறங்கிய சூட்டில் ஒரு பாஸ், சக ஆட்டக்காரர் பிராங்கோ கோலை நோக்கித் தனியாகப் போனார், கீப்பர் பாட்ஸ் தள்ளிவிட்டார், பெனால்டி. உடம்பு சூடாகாத ஜிகோவையே அடிக்கச் சொன்னார்கள். பாட்ஸ் பிடித்துவிட்டார். பிறகு நடந்த பெனால்டி ஷூட்-அவுட்டில் ஜிகோ அடித்தார். சாக்ரடீஸ் தவறவிட்டார், பிளாட்டினியும்தான். பிரேசில் வெளியேறியது. நினைவில் நின்றதோ ஆட்ட நேரத்தில் தவறிய அந்த ஒரு பெனால்டி. கோல் மூலையில் ஜெர்சியைத் தொங்கவிட்டு ஆயிரமாயிரம் முறை அடித்த காலுக்கு அது நியாயமா என்று கேட்கலாம். கால்பந்து அப்படிக் கேட்பவர்களை மதித்ததில்லை.

1989 மார்ச் 27. முப்பத்தாறு வயது ஜிகோ பிரேசிலின் மஞ்சள் ஜெர்சிக்கு விடைகொடுக்கும் ஆட்டம். உலக லெவன் அணிக்கு எதிராக. எங்கே நடந்தது தெரியுமா? மரக்கானா இல்லை, சாவோ பாலோ இல்லை. உதினே. ஃப்ரியூலி மைதானம். பிரேசில் 1-2 என்று தோற்றது; யாரும் கவலைப்படவில்லை. வெறும் இரண்டு பருவங்கள், 39 லீக் ஆட்டங்கள், கோப்பை ஏதுமில்லை, கடைசியில் நீதிமன்றப் படி வேறு. அப்படிப்பட்ட ஓர் ஊரில் தன் தேசிய ஜெர்சியைக் கழற்றுவதற்கு ஒருவர் சம்மதிக்கிறார் என்றால், அந்த ஊருக்கும் அவருக்கும் நடுவே இருந்தது பருவக் கணக்கில் அடங்காதது. ஃபிளமெங்கோவுக்கான விடைபெறல் அடுத்த பிப்ரவரியில் மரக்கானாவில் நடந்தது. அது எதிர்பார்த்தது.

அதன் பிறகான பயணம் நீண்டது. ஜப்பானின் காஷிமாவில் ஒரு தொழிற்சாலை அணியைத் தொழில்முறை கிளப்பாக மாற்றி, 1993-ல் ஜே லீக்கின் முதல் சுற்றில் ஹாட்ரிக் அடித்தார், நாற்பது வயதில். ஜப்பான் தேசிய அணிக்குப் பயிற்சியாளராகி 2004 ஆசியக் கோப்பையை வென்றார். ஐரோப்பாவில் கிடைக்காத கோப்பை பயிற்சியாளராகத்தான் கிடைத்தது: 2007-ல் துருக்கியின் ஃபெனர்பாசே லீக் பட்டம், அடுத்த வருடம் அதே அணி சாம்பியன்ஸ் லீக் காலிறுதி வரை.

நம் ஊர்ப் பக்கமும் வந்தார். ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014 முதல் மூன்று பருவங்கள் எஃப்.சி. கோவா அணியின் பயிற்சியாளர் இந்த ஜிகோதான். 2015 இறுதியாட்டம் நினைவிருக்கும். டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியதால் அரையிறுதியின் சொந்த ஊர் ஆட்டத்தையே புனேயில் ஆடிவிட்டு வந்த சென்னையின் எஃப்.சி., கோவா மைதானத்தில் 87-வது நிமிடத்தில் 1-2 என்று பின்தங்கியது. ஜிகோவின் கை கோப்பைக்கு எட்டும் தூரத்தில். பிறகு ஒரு சேம்சைடு கோல், காயநேரத்தில் மென்டோசா, 3-2. சென்னையின் கேப்டன் எலானோ, மான்செஸ்டர் சிட்டியில் ஆடிவிட்டு வந்த இன்னொரு பிரேசில்காரர். கொண்டாட்டத்துக்கு நடுவே எதிர்ப்பக்கப் பெஞ்சில் நின்ற அந்த நரைத்த மனிதர் யார் என்று அன்று கொண்டாடிய எத்தனை பேர் யோசித்திருப்பார்கள் தெரியவில்லை.

இன்று ஃபிளமெங்கோவின் பையன்கள் முப்பது வயது வரை காத்திருப்பதில்லை. வினிசியஸ் ஜூனியருக்கு ரியல் மாட்ரிட் விலை பேசியபோது வயது 16. பதினெட்டு நிறைந்த கோடையில் விமானம் ஏறினார். விலை நாலரைக் கோடி யூரோ என்றார்கள். 2022-ல் பாரிஸில் லிவர்பூலுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தின் ஒரே கோல் அவருடையது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதே லிவர்பூலை அதே ஃபிளமெங்கோ பள்ளி தோற்கடித்தது, ஆனால் சொந்த ஜெர்சியில். வினிசியஸ் ஐரோப்பாவிலேயே ஆளானவர். இனவெறிக் கூச்சல்களைச் சகித்து, அங்கேயே நின்று பதில் சொன்னவர். அவர் செய்ததை ஜிகோவால் செய்திருக்க முடியுமா என்ற ஒப்பீடு வீண். ஜிகோ ஐரோப்பாவுக்குப் போனபோது தன்னை நிரூபிக்க எதுவும் பாக்கி வைத்திருக்கவில்லை. நிரூபிக்க வேண்டியிருந்தது உதினேவுக்குத்தான்.

உதினேசேவை 1986-ல் ஜம்பாவ்லோ பொட்சோ என்ற தொழிலதிபர் வாங்கினார். இனி முப்பது வயது நட்சத்திரத்துக்குக் கோடி கொட்டுவதில்லை என்பது அவர் வழி. உலகம் முழுக்க ஆள் அனுப்பி, பேர் தெரியாத இளைஞர்களைச் சல்லிசாகப் பிடித்து, வளர்த்து, பெரிய கிளப்புக்கு விற்பது. அப்படி வந்த மார்சியோ அமொரோசோ என்ற பிரேசில்காரர் 1998-99 பருவத்தில் 22 கோல் அடித்து இத்தாலிய லீக்கின் அதிக கோல் பட்டத்தை உதினேவுக்குக் கொண்டுவந்தார், ஜிகோவுக்கு ஒரே கோலில் தவறிய அதே பட்டத்தை. அந்தக் கோடையிலேயே அவரைப் பார்மாவுக்கு நல்ல விலைக்கு விற்றுவிட்டார்கள். இந்த முறை ஒருவரும் ஆஸ்திரியாவைக் கூப்பிடவில்லை.